கண்ணுக்கு நல்லதென்று விற்கப்படும் இலைக்கஞ்சி: திருகோணமலைக் கடையொன்றைப் பற்றிய மதிப்பீடு

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், விடியுமுன்பே அடுப்பு மூட்டப்படும் சிறிய கடையொன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, அக்கம்பக்கத்தார் அதனை இலைக்கஞ்சிக் கடை என்றே சொல்வார்கள். காலையில் இலைக்கஞ்சி, மதியத்தில் சிவப்பரிசிச் சோறும் கறிகளும், வாசலோரக் கண்ணாடி அலுமாரியில் திரிபலா சூரணம், திரிபலா நெய், முருங்கையிலைத் தூள் என்று மூன்று விதமான வியாபாரம் அங்கே நடக்கிறது. அலுமாரிக்கு மேலே, கண்பார்வைக் குறைவுக்கும் மாலைக்கண்ணுக்கும் இயற்கை மருந்து இங்கே கிடைக்கும் என்று எழுதிய அட்டையொன்று தொங்குகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கஞ்சியும் சோறும் இந்த நகரில் அந்த விலைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த உணவுகளில் சேரும்; அலுமாரியில் இருப்பவற்றைத் தெரிந்து வாங்க வேண்டும்; அந்த அட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

கடையை நடத்துபவர்கள் சகோதரிகள் இருவர். வாடிக்கையாளர்கள் வயது பாராமல் இருவரையும் அக்கா என்றே அழைக்கிறார்கள். கஞ்சிக்கான இலை நாளுக்கு நாள் மாறும்: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, முடக்கொத்தான், சில நாட்களில் சாத்தாவாரி. சிவப்புப் பச்சையரிசியை உள்ளியும் சிறிது இஞ்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, இலையைத் தனியாக அரைத்துப் பிழிந்தெடுத்த சாற்றைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுகிறார்கள். அதனால் பச்சை நிறம் மங்குவதில்லை, இலையின் வாசமும் கெடுவதில்லை. கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டொன்று தருவார்கள். முருங்கை நாட்களில் மட்டும் இலையைப் பிழியாமல் மை போல அரைத்து அப்படியே கலக்கிறார்கள். அந்தக் கஞ்சி சற்றுத் தடிப்பாக இருக்கும், தொண்டையில் இலேசாக உரசும். சிலர் அதனை விரும்புவதில்லை என்றாலும், கண்பார்வைக்கு அவசியமான விற்றமின் ஏ என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பார்த்தால், அந்த வாரத்தின் மிகச் சிறந்த கஞ்சி அதுதான்.

இதற்கான காரணம் இலையின் அமைப்பில் இருக்கிறது. விலங்குணவில் விற்றமின் ஏ ரெட்டினோல் என்ற நேரடி வடிவில் இருக்க, கீரையிலும் மஞ்சள், செம்மஞ்சள் நிறக் காய்கனிகளிலும் பீற்றா கரோட்டீன் என்ற முன்வடிவமே இருக்கிறது; உடல் அதனை எடுத்து விற்றமினாக மாற்றிக்கொள்ள வேண்டும். இலையின் கரோட்டீன் தண்ணீரில் கரையாது. அது பச்சையத்தோடு சேர்ந்து கலங்களுக்குள்ளே அடைபட்டுக் கிடப்பதால், இலை எவ்வளவு நுணுக்கமாக அரைபடுகிறதோ, எவ்வளவு மென்மையாக வேகிறதோ, அந்த அளவுக்கே குடலுக்கு அது எட்டும். வெளியே வந்த கரோட்டீனும் கொழுப்பு இல்லாமல் குடலில் உறிஞ்சப்படாது. சாற்றை மட்டும் பிழிந்து சக்கையை எறியும் கஞ்சியில் கரோட்டீனின் ஒரு பகுதி சக்கையோடு போய்விடுகிறது. முழு இலையையும் அரைத்துத் தேங்காய்ப்பாலோடு கொதிக்கவிடும் கஞ்சியில் இரண்டு தேவைகளும் ஒரே பாத்திரத்தில் நிறைவேறுகின்றன. இலைக்கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விடும் வழக்கத்தை ருசிக்காக வந்தது என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கடையின் முதலாவது குறையும் இங்கேதான் வருகிறது. அதிகாலைக் கஞ்சியில் தலைப்பால், அதாவது தேங்காய்ப்பூவில் முதலில் பிழிந்த தடித்த பால், தாராளமாக விழுகிறது. நேரம் போகப்போக, தேங்காய் விலையை நினைத்தோ என்னவோ, பிறகு பிழிந்த தண்ணீரான கப்பிப்பாலே மிஞ்சுகிறது. எட்டு மணிக்குப் பிறகு வாங்கிய கஞ்சி நிறத்தில் அதே பச்சையாக இருந்தாலும் மேலே எண்ணெய்ப் பசை சற்றும் தெரியவில்லை. ஒரு வேளை உணவில் சில கிராம் கொழுப்பு இருந்தாலே கரோட்டீன் உறிஞ்சப்படுவதற்குப் போதும்; இரண்டு மேசைக்கரண்டி தலைப்பாலே அந்தத் தேவையைத் தீர்த்துவிடும். மூத்தவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "கேட்டா விடுவன் தங்கச்சி, ஆனா இப்ப ஆரும் கேக்கிறேல்லயே, எல்லாரும் கொலஸ்ரோல் எண்டு பாலைக் குறைக்கச் சொல்லீனம்" என்றார். கேட்டதும் மறுபேச்சின்றித் தலைப்பால் விட்டுத் தந்தார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். ஆகவே கேளுங்கள்.

இனி அளவைப் பார்ப்போம்; கண்ணுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்கப்படும் எந்த உணவையும் அளவு தெரியாமல் மதிப்பிட முடியாது. வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 மைக்கிரோகிராம், ஆணுக்கு 900, பாலூட்டும் தாய்க்கு 1,300, ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு 300 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ தேவை என்று கொள்ளப்படுகிறது. உணவிலுள்ள பீற்றா கரோட்டீன் 12 மைக்கிரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மைக்கிரோகிராம் விற்றமின் ஏ கிடைக்கும் என்ற கணக்கின்படி, பச்சை முருங்கையிலை 100 கிராமில் ஏறத்தாழ 380 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ பெறுமதி உண்டு. இந்தக் கடையில் ஒரு கோப்பைக்கு ஒரு கைப்பிடி இலை, அதாவது 20 கிராம் அளவு, போடுகிறார்கள். அப்படியானால் ஒரு கோப்பை முருங்கைக் கஞ்சியில் சுமார் 75 மைக்கிரோகிராம் கிடைக்கும். பெண்ணின் நாளாந்தத் தேவையில் இது பத்திலொரு பங்குக்குச் சற்று மேல். சிறு பிள்ளைக்குக் காற்பங்கு. ஒரு காலை உணவுக்கு இது நல்ல பங்களிப்பு. பற்றாக்குறையைத் தீர்க்கும் மருந்து என்று சொல்லத்தக்க அளவு அதுவல்ல.

மதியச் சாப்பாட்டில் கணக்கு வெகுவாக மாறுகிறது. சோற்றோடு தேங்காய்ப்பூ சேர்த்த கீரைச் சுண்டல், பூசணிக்காய்ப் பால்கறி, பருப்பு, பச்சையாகத் துருவிய கரட் சம்பல் ஆகியன தட்டில் வரும். மேலதிகமாக மீன் குழம்போ முட்டையோ வாங்கிக்கொள்ளலாம். கரட்டில் 100 கிராமுக்கு 800 மைக்கிரோகிராமுக்கு மேல் விற்றமின் ஏ பெறுமதி இருப்பதால், தட்டில் விழும் இரண்டு மேசைக்கரண்டிச் சம்பலே காலைக் கஞ்சியை மிஞ்சிவிடும். நன்கு பழுத்த, உள்சதை ஆழ்ந்த செம்மஞ்சளாக இருக்கும் பூசணியிலும் நல்ல அளவு இருக்கிறது. ஆனால் சில நாட்களில் வெளிறிய இளம் பூசணியைச் சமைத்திருந்தார்கள், அதில் பயன் குறைவு. வத்தாளங்கிழங்கின் நிலையும் இதுதான். மாலையில் இங்கே அவித்துக் கட்டைச் சம்பலோடு தரப்படும் வெள்ளைச் சதைக் கிழங்கு பசிக்கு அருமையான உணவு. விற்றமின் ஏ அதில் ஏறக்குறைய இல்லை. செம்மஞ்சள் சதையுள்ள கிழங்கில் அது கரட்டுக்கு நிகராக நிறைந்திருக்கிறது. சந்தைக்குப் போகிறவர் வெட்டிப் பார்த்து வாங்கினால் போதும். ஒரே அடுப்பில் ஒரே செலவில் நடக்கும் இந்தச் சிறு மாற்றத்தைக் கடைக்காரர்கள் உடனே செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டுமே சமைப்பார்கள். ஏனைய நாட்களில் சிலவேளை மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல் பிரட்டல் கிடைக்கும். விற்றமின் ஏ என்ற கோணத்தில் இக்கடையின் மிக வலிமையான உணவு இதுதான், அட்டையில் இதைப்பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும். கோழியீரல் 100 கிராமில் ஏறத்தாழ 3,300 மைக்கிரோகிராம் ரெட்டினோல் இருக்கிறது. உடல் அதனை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. முப்பது கிராம் கொண்ட சிறு பங்கே ஒரு நாளின் தேவையைத் தாண்டிவிடும், எஞ்சியது நம்முடைய ஈரலில் சேமிக்கப்பட்டுப் பின்னர் உதவும். அதனாலேயே ஈரலை நாள்தோறும் உண்ணக்கூடாது. வளர்ந்தவர்களுக்கு ரெட்டினோலின் மேலெல்லை நாளொன்றுக்கு 3,000 மைக்கிரோகிராம். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அந்த எல்லையை மீறிய அளவு கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் ஈரலை விட்டுக் கீரை, கரட், பூசணி, முட்டை ஆகியவற்றை நாடுவதே பாதுகாப்பானது. கரோட்டீன் மிகுந்தால் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளிக்குமே தவிர வேறு தீங்கு வராது. கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகாமல் இருப்பதைக் கொண்டு அதனைச் செங்கமாரியிலிருந்து பிரித்தறியலாம்.

ஈரலைப் பற்றிப் பேசும்போது வைத்திய மரபையும் பேசியாக வேண்டும். பண்டைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் என்ற பகுதியில் கண்ணோய்களுக்கென ஒதுக்கப்பட்ட அத்தியாயங்களில், இரவில் பார்வை மங்கும் நோய்க்கு ஆட்டீரலைத் திப்பிலியோடு சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. விற்றமின் என்ற பெயரே உருவாகாத காலம் அது. வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கொழுப்பில் கரையும் சத்தொன்று இருப்பதை ஆய்வாளர்கள் 1913இல்தான் கண்டறிந்தார்கள். விழித்திரையின் கோல் கலங்களில் உள்ள றொடொப்சின் என்ற நிறப்பொருள் விற்றமின் ஏயிலிருந்து பெறப்படும் ரெட்டினாலைக் கொண்டே உருவாகிறது என்பதைத் தெளிவுபடுத்திய ஜோர்ஜ் வால்ட்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு அந்த நிறப்பொருள் தேவை. சத்துக் குறையும்போது அந்திப் பார்வை முதலில் தடுமாறுவதற்குக் காரணமும் அதுவே. நம் மரபின் கூர்ந்த அவதானிப்பை எண்ணி நான் உண்மையாகவே பெருமைப்படுகிறேன். அந்தப் பெருமையினால்தான், மரபின் பெயரால் விற்கப்படும் ஒவ்வொரு போத்தலையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அலுமாரிக்கு வருவோம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா சூரணத்தைக் கண்ணுக்கென்று கேட்டு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தேன். ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் திரிபலாவுக்குக் கண் மருத்துவத்தில் மதிப்பான இடமுண்டு. ஆனால் நெல்லிக்காயின் சிறப்பு விற்றமின் சீ ஆகும், விற்றமின் ஏ பற்றாக்குறையைச் சூரணம் மட்டும் ஈடுசெய்யாது. திரிபலா நெய்யின் நிலை வேறு. அது நெய்யில் காய்ச்சப்படுவது. பசுநெய்யிலேயே ரெட்டினோல் இருக்கிறது, கூடவே கரோட்டீனை உறிஞ்சத் தேவையான கொழுப்பும் இருக்கிறது. ஆயினும் ஒரு தேக்கரண்டி நெய்யில் கிடைப்பது சில பத்து மைக்கிரோகிராம் மட்டுமே. கண்ணோய்க்கு அதனை எவ்வளவு, எத்தனை நாள், எந்த நேரத்தில் எடுப்பது என்பதைப் பதிவுபெற்ற வைத்தியர் சொல்ல வேண்டும். கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று தீர்மானிக்கும் விடயம் அல்ல அது. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது, வைத்தியர்களைப் பதிவு செய்யவும் வழிவகுக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. முறையாகப் படித்தவர்கள் இவ்வளவு அருகில் இருக்கும்போது, போத்தல் ஒட்டியில் உள்ள இரண்டு வரியை நம்பி மருந்து எடுக்க வேண்டிய அவசியம் இந்த ஊர் மக்களுக்கு இல்லை.

முருங்கையிலைத் தூளைப் பொறுத்தவரை என் முறைப்பாடு நேரடியானது. நிழலில் உலர்த்திய தூளில் நீர் வற்றிவிடுவதால் சத்துச் செறிந்திருக்கும். ஒரு மேசைக்கரண்டி தூளைப் பருப்புக்கறியிலோ பிட்டு மாவிலோ கலந்தால் பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும். ஆனால் வெயிலும் வெளிச்சமும் காற்றும் கரோட்டீனை அழிக்கும். இந்தக் கடையில் தூளைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, காலை வெயில் நேரே விழும் வாசலோர அலுமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எப்போது உலர்த்தியது என்ற திகதியும் கிடையாது. ஒரு போத்தலைத் திறந்து பார்த்தேன். பசுமை போய் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்துக்கு வந்த தூளை வாங்க வேண்டாம். ஒளி புகாத டப்பாவும் திகதி எழுதிய ஒட்டியும் இருந்தால் இதே பொருளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அந்த அட்டைதான். மாலைக்கண் என்பது பற்றாக்குறையின் முதல் அடையாளங்களில் ஒன்று. அந்தி சாயும்போது பிள்ளை சுவரில் முட்டுவது, தட்டிலிருக்கும் சோற்றைத் தடவித் தேடுவது, விளையாட்டை விட்டு ஓரிடத்தில் ஒடுங்குவது ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அடுத்த நிலையில் கண்ணின் வெண்பகுதி வரண்டு, நுரை போன்ற சாம்பல் வெள்ளைத் திட்டு தோன்றும். அதற்கும் அப்பால் கருவிழி வரண்டு, புண்ணாகி, உருகிப்போனால் பார்வையை மீட்க இயலாது. சின்னமுத்து, தொடர் வயிற்றோட்டம் போன்றவை வந்த பிள்ளையிடம் இந்தப் படிகள் மிக விரைவாக நிகழக்கூடும். இத்தகைய நிலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சிகிச்சையில், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முதல் நாளிலேயே இரண்டு இலட்சம் சர்வதேச அலகு விற்றமின் ஏ கொடுக்கப்படும். மறுநாளும், இரண்டு வாரங்களின் பின்னரும் அதே அளவு தரப்படும். ஒரு வேளை மருந்தே 60,000 மைக்கிரோகிராம். முன்னர் சொன்ன கஞ்சியில் கணக்கிட்டால் அது எண்ணூறு கோப்பைக்குச் சமம். கஞ்சி குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் காத்திருக்கும் தாய்க்கு அந்த ஒரு வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

மேலும், இரவில் பார்வை மங்குவதெல்லாம் விற்றமின் குறைவால் வருவதல்ல. கண்புரை, திருத்தப்படாத கிட்டப்பார்வை, பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு ஆகியவற்றிலும் அதே முறைப்பாடு தோன்றும்; அவற்றில் எந்தக் கீரையும் பலன் தராது. ஈரல் நோயும் பித்தநீர்த் தடையும் நாட்பட்ட குடல் நோயும் உள்ளவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் பற்றாக்குறைக்கு ஆளாகலாம், ஏனெனில் கொழுப்பே அவர்களது குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே மாலைக்கண் என்று சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவு. கஞ்சிக் கடைக்கு அதன் பிறகு தாராளமாக வரலாம்.

நம் நாட்டில் கருவிழி உருகிய பிள்ளையை இன்று காண்பது அரிது. தாய்சேய் சிகிச்சை நிலையங்களில் சிறு பிள்ளைகளுக்குக் குறித்த இடைவெளியில் விற்றமின் ஏ அதிகமாத்திரை வழங்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷா என்ற சத்துமா கொடுக்கப்படுகிறது. இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் கண் மருத்துவர் அல்பிரட் சொமரும் சகாக்களும் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், விற்றமின் ஏ மாத்திரை வழங்கப்பட்ட கிராமங்களில் சிறுவர் இறப்பு மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. உலகெங்கும் இந்தத் திட்டம் பரவுவதற்கு அது பெருங்காரணமாயிற்று. கஞ்சி குடிக்கிறானே, மாத்திரை எதற்கு என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போகும் பெற்றோரை நினைத்தே அந்த அட்டை கழற்றப்பட வேண்டும் என்கிறேன். இளையவரிடம் இதைச் சொன்னேன். மருந்து என்ற சொல்லை எடுத்துவிட்டு, என்ன இலை, என்று அரைத்தது என்று எழுதலாமா என்று அவரே கேட்டார். அந்த மாற்றம் வந்தால் கடைக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்க இரண்டு வாங்குகள்தான். மழை நாளில் நின்றே குடிக்க வேண்டும். கோப்பைகளைக் கொதிநீரில் அலசுகிறார்கள், இலையை உப்புநீரில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அரைக் கோப்பை அரை விலைக்குத் தருவது பாராட்டத்தக்கது. பனங்காய்க் காலத்தில் இவர்கள் பனங்களியை எடுத்துப் பணியாரம் சுடுவதில்லை என்பது எனக்கு மனத்தாங்கல். அந்தச் செம்மஞ்சள் களியில் கரோட்டீன் இருக்கிறது, எண்ணெயில் பொரிவதால் கொழுப்பும் சேர்கிறது, உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் பனங்காய் நிலத்தில் விழுந்து வீணாகிறது.

போகிறவர்கள் ஏழு மணிக்கு முன் போங்கள், முருங்கை நாள் எதுவென்று முதல் நாளே கேட்டு வையுங்கள், தலைப்பால் விடச் சொல்லுங்கள். மதியத்துக்கு ஒரு மணிக்குள் போனால் கரட் சம்பல் மிச்சமிருக்கும். ஈரல் பிரட்டல் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.